ஒசாகா கோட்டை அசலா, கான்கிரீட் காப்பியா? கொஞ்சம் நீளமான பதில்

"ஒசாகா கோட்டை கான்கிரீட்ல கட்டினதாமே, உள்ள லிஃப்ட் வேற ஓடுதாம், அப்புறம் அதை எப்படி வரலாற்றுச் சின்னம்னு சொல்றாங்க, பேசாம ஹிமெஜி மட்டும் பாத்துட்டு வந்துரலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. ஹிமெஜி கோட்டையைக் கண்டிப்பா பாருங்க, 1609ல மரத்துல கட்டின அசல் கோபுரம் இன்னும் நிக்குது, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா ஒசாகாவை டூப்ளிகேட்னு ஒதுக்கறதுக்கு எனக்கு மனசு ஒப்பல. ஒரே மண்ணு எத்தனை பேர் கைக்குப் போயி எத்தனை விதமான வேலைக்குப் பயன்பட்டுச்சுன்னு பாக்கணும்னா இந்தக் கோட்டை மாதிரி இன்னொண்ணு எனக்குத் தெரிஞ்சு ஜப்பான்ல இல்ல.

முதல்ல ஒரு கணக்கைப் பாத்துருவோம். அந்த இடத்துல இதுவரைக்கும் மூணு கோபுரம் நின்னிருக்கு. 16ஆம் நூற்றாண்டு கடைசியில நாட்டை ஆண்ட ஹிதெயோஷி கட்டினது 1585ல முடிஞ்சு 1615ல எரிஞ்சுபோச்சு, முப்பது வருஷம். அவருக்கப்புறம் வந்த தொகுகாவா வம்சத்தோட ஆட்சியில கட்டினது 1626ல முடிஞ்சு 1665ல இடி விழுந்து எரிஞ்சுது, முப்பத்தொன்பது வருஷம். மூணாவதுதான் நீங்க காப்பின்னு சொல்ற கான்கிரீட் கோபுரம், 1931ல கட்டினது, தொண்ணூறு வருஷத்தைத் தாண்டி நிக்குது. அதாவது மூணுல ரொம்ப நாள் இருந்தது இதுதான், முந்தின ரெண்டோட ஆயுசையும் கூட்டினாக்கூட இதுக்குக் கம்மிதான். 1665லேர்ந்து 1931 வரைக்கும் 266 வருஷம் அங்க கோபுரமே கிடையாது, வெறும் கல் மேடை மட்டும்தான். அதனால "அசல் எது"ன்னு கோபுரத்தை வச்சு மட்டும் கேட்டா பதில் கிடைக்காது, கீழ இருக்கற மண்ணையும் கல்லையும் பாக்கணும்.

மண்ணுலேர்ந்தே வரேன். ஒசாகா நகரம் பெரும்பாலும் தாழ்வான ஆத்து வண்டல் பூமி, அதுல தெற்கு வடக்கா நீளமா ஒரு மேடு ஓடுது, உயேமாச்சி மேடுன்னு பேரு, அதோட வடக்கு முனையிலதான் கோட்டை இருக்கு. அந்தக் காலத்துல யோதோ ஆறும் யமாதோ ஆறும் அந்தப் பக்கம் வந்து சேரும், அதனால வடக்கு கிழக்கு மேற்குன்னு மூணு பக்கமும் தண்ணியும் சதுப்பும், படையோட நடந்து வரணும்னா தெற்குப் பக்கம் ஒண்ணுதான் வழி. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி நடந்த எல்லாத்துக்கும் இதுதான் காரணம்.

இந்த மேட்டுல முதல்ல வந்தது ராஜா இல்ல, ஒரு சாமியார். ஜோதோ ஷின்ஷூங்கற பௌத்தப் பிரிவோட தலைவர் ரென்யோ 1496ல இங்க ஒரு மடம் கட்டினாரு. 1532ல கியோத்தோ பக்கம் யமாஷினாவுல இருந்த அவங்க தலைமைக் கோயிலை எரிச்சப்புறம் இதுவே தலைமையிடம் ஆச்சு. கோயில்னு சொன்னாலும் சுத்தி அகழி, மண் கரை, உள்ளேயே கடைத்தெரு, கைவினைக்காரங்க வீடுன்னு ஒரு முழு ஊரு. ஓடா நொபுனாகா நாட்டையே தன் கைக்குள்ள கொண்டுவர ஆரம்பிச்சப்ப அவருக்கு ரொம்ப நாள் தண்ணி காட்டினது எந்த சாமுராய் வீட்டாரும் இல்ல, இந்தக் கோயில்தான், 1570லேர்ந்து 1580 வரைக்கும், நடுவுல சமாதானப் பேச்செல்லாம் நடந்தாலும் பத்து வருஷம். தரை வழியை அடைச்சாலும் மேற்கு ஜப்பானோட மோரி குடும்பம் கடல் வழியா அரிசி அனுப்பிட்டே இருந்துது, 1576ல நொபுனாகாவோட கப்பல்படையை மோரி ஆளுங்க எரிச்சே விட்டாங்க, அப்புறம் 1578ல அவர் பெரிய கப்பல்களா கட்டிக் கொண்டுவந்து ஆத்து முகத்தை மூடினப்புறம்தான் உள்ள இருந்தவங்களுக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சுது. 1580ல தலைவர் கென்யோ வெளியேறினாரு, மகன் கியோன்யோ இன்னும் சில மாசம் பிடிவாதமா உக்காந்திருந்து கடைசியில போனாரு, போற நேரத்துல கோயில் மொத்தமும் எரிஞ்சுது.

நொபுனாகா 1582ல செத்தப்புறம் ஹிதெயோஷி வந்தாரு. சாதாரணக் குடும்பத்துல பொறந்து நாட்டையே ஆண்ட ஆளு. 1583ல அதே மேட்டுல கோட்டை வேலையை ஆரம்பிச்சாரு. கருப்புச் சுவர், தங்கத் தகடு போட்ட ஓடுன்னு, பாக்கறவன் பயந்து பிரமிக்கணும்னே கட்டினது. வியாபாரிகளைப் பக்கத்து ஊர்களேர்ந்து கூட்டிவந்து குடியேத்தி கீழ ஒரு நகரத்தையே உண்டாக்கினாரு, இன்னைக்கு நாம பாக்கற ஒசாகாவோட வியாபாரப் புத்தி அங்கேர்ந்துதான் வேர் விடுது.

1598ல ஹிதெயோஷி செத்துப்போக, 1600ல செகிகஹாரா சண்டையில ஜெயிச்சு தொகுகாவா இயேயாசு மேல வந்துட்டாரு, ஆனா ஹிதெயோஷி மகன் ஹிதெயோரியும் அவங்கம்மா யோதோவும் இதே கோட்டையில இருந்தாங்க. 1614 குளிர்காலத்துல இயேயாசு பெரிய படையோட வந்து சுத்தி வளைச்சாரு. நான் மேல சொன்ன தெற்குப் பக்கம் ஞாபகம் இருக்கா, சனாதா நொபுஷிகேன்னு ஒரு தளபதி கரெக்டா அந்தப் பக்கம் மதிலுக்கு வெளிய தனியா ஒரு அரண் கட்டி வச்சு, வந்த படையை அடிச்சு நொறுக்கினாரு. நேரா உள்ள நுழைய முடியாதுன்னு புரிஞ்சதும் இயேயாசு பீரங்கியால அடிச்சு பயமுறுத்தி சமாதானத்துக்குக் கூப்பிட்டாரு, சமாதானத்துக்கு விலை என்னன்னா அகழிகளைத் தூர்க்கணும். வெளி அகழி மட்டுமில்லாம உள் அகழியையும் சேத்து தூர்த்துட்டாங்க. அகழி இல்லாத கோட்டை எத்தனை நாள் தாங்கும், 1615 கோடையில திரும்பி வந்தாங்க, சண்டை மதிலுக்கு வெளிய சமவெளியில நடந்துது, கோட்டை எரிஞ்சுது, அம்மாவும் மகனும் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. அவங்க செத்ததுக்கான நினைவுக் கல் கோபுரத்துக்குப் பின்னாடி கீழ அகழி ஓரமா இருக்கு, கூட்டம் அந்தப் பக்கம் அவ்வளவா வராது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். 1620லேர்ந்து 1629 வரைக்கும் ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர், ஹிதெதாதாவோட உத்தரவுல கோட்டையைப் புதுசா கட்டினாங்க, அதைப் பழசு மேலயே ரிப்பேர் பண்ணி கட்டல. ஹிதெயோஷி கோட்டையோட மதிலெல்லாம் தெரியாதபடி மீட்டர் கணக்குல மண்ணைக் கொட்டி முழுசா புதைச்சுட்டு, அதுக்கு மேல வேற அமைப்புல, வேற இடத்துல கோபுரம் வச்சு, அகழியை ஆழப்படுத்தி, மதிலை உயர்த்திக் கட்டினாங்க. முந்தின வம்சத்தோட ஞாபகமே ஊருக்கு இருக்கக்கூடாதுங்கறதுதான் நோக்கம்னு நான் நினைக்கறேன், வெறும் பாதுகாப்புக்குன்னா இவ்வளவு மண்ணு தேவையே இல்ல. இன்னைக்கு நீங்க போய்ப் பாக்கற மதிலு, அகழி எல்லாமே இந்த தொகுகாவா வேலைதான், ஹிதெயோஷி கல்லு ஒண்ணுகூட மேல தெரியாது. டூரிஸ்ட் பலகையில எல்லாம் ஹிதெயோஷி பேர்தான் பெருசா இருக்கறதால வர்றவங்க முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாமலே போயிடுது.

செலவு யாரோடது தெரியுமா? மேற்கு, வடக்கு ஜப்பானைச் சேர்ந்த அறுபதுக்கும் மேல சிற்றரசர்கள் தலையில கட்டினாங்க, ஆளாளுக்கு இவ்வளவு நீளம் மதிலுன்னு பங்கு பிரிச்சு. பண்றவன் கஜானா காலியாகும், ஷோகனுக்கு எதிரா படை திரட்ட காசு இருக்காது, கோட்டையும் வந்துரும். என் கல்லு உன் கல்லுன்னு தகராறு வராம இருக்க ஒவ்வொருத்தரும் தன் கல்லுல ஒரு குறி செதுக்கினாங்க, வட்டம், கோடு, குடும்பச் சின்னம்னு விதவிதமா. அகழி ஓரமா நடக்கும்போது வெயில் சாய்வா விழற நேரத்துல கல்லைக் கவனிச்சுப் பாருங்க, நானூறு வருஷத்துக்கு முந்தி உளி வச்சவன் போட்ட குறி இன்னும் அப்படியே தெரியும். ஷோதோ தீவு மாதிரி உள்நாட்டுக் கடல்ல இருக்கற தீவுகள்லேர்ந்து கல்லை வெட்டி கப்பல்ல கொண்டுவந்தாங்க. சகுரா வாசல்ல நுழைஞ்சதும் எதிர்ல நிக்கற ஒரே கல்லு, அதுக்கு ஆக்டோபஸ் கல்லுன்னு பேரு, முகப்பு மட்டும் ஏறக்குறைய 59 சதுர மீட்டர், நம்ம கணக்குல 640 சதுர அடி, எடை 108 டன்னு மதிப்பிட்டிருக்காங்க. ஒக்காயாமா பகுதியை ஆண்ட இகேதா தாதாவோ கொண்டுவந்து நிறுத்தினது. வாசல்ல நுழையறவன் கண்ணுல படணும்னே வச்ச கல்லு அது.

அதுக்கப்புறம் ஏறக்குறைய 250 வருஷம் இது ஷோகனோட மேற்குப் பகுதி ஆபீஸ் மாதிரிதான். ஷோகன் எதோங்கற ஊர்ல, அதாவது இன்னைக்கு டோக்கியோவுல இருப்பாரு, இங்க அவர் நம்பற ஒரு சிற்றரசரை பொறுப்பாளரா போடுவாங்க, படை மாத்தி மாத்தி காவல் இருக்கும், வெடிமருந்தும் தங்கமும் கிடங்குல இருக்கும். 1660ல இடி விழுந்து வெடிமருந்துக் கிடங்கு வெடிச்சு பெரிய சேதம், அதனால 1685ல தரை, சுவர், கூரை எல்லாமே கல்லுல ஒரு கிடங்கு கட்டினாங்க, அது இன்னைக்கும் இருக்கு. அரண்மனையில ஷோகன் தங்கினது ரொம்ப அபூர்வம். 1634ல இயேமித்சு வந்துட்டுப் போனப்புறம் 1860கள்ல இயேமோச்சி வர்ற வரைக்கும் எந்த ஷோகனும் வரல, இயேமோச்சி 1866ல இதே கோட்டையிலதான் உடம்பு சரியில்லாம செத்தாரு.

முடிவு 1868 ஜனவரியில. கியோத்தோ பக்கம் தோபா-ஃபுஷிமியில, பேரரசர் பக்கம் நின்ன படைகிட்ட ஷோகன் படை தோத்துச்சு. கடைசி ஷோகன் யோஷினொபு, கோட்டைக்குள்ள ஆயிரக்கணக்கான ஆளுங்க அவருக்காகச் சண்டை போடத் தயாரா இருக்கும்போது, ராத்திரியோட ராத்திரியா நாலஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு வெளியேறி படகுல கடலுக்குப் போயிட்டாரு. இருட்டுல சொந்தக் கப்பல் எதுன்னு தெரியாம முதல்ல ஒரு அமெரிக்கக் கப்பல்ல ஏறி உக்காந்திருந்து, விடிஞ்சப்புறம் தன் கப்பலுக்கு மாறி எதோ நகரத்துக்குப் போனாரு. சில நாள்லயே கோட்டை தீப்பிடிச்சு அரண்மனை எல்லாம் போச்சு.

புது அரசாங்கம் வந்ததும் கதை முழுசா மாறுது, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும் இதுதான், கைடு யாரும் இதைப் பத்திப் பேச மாட்டாங்க. ஓமுரா மசுஜிரோன்னு புது ராணுவத்தை வடிவமைச்ச ஒருத்தர், ராணுவத்தோட மையம் ஒசாகாவுலதான் இருக்கணும்னு நினைச்சாரு. அவரை 1869ல வெட்டினாங்க, அந்தக் காயத்துலயே செத்தாரு, ஆனா திட்டம் நடந்துது. 1870ல கோட்டையோட கிழக்குப் பக்கம் பீரங்கித் தொழிற்சாலை ஆரம்பமாச்சு, பிறகு அது ஆசியாவுலயே பெரிய ஆயுதத் தொழிற்சாலைகள்ல ஒண்ணா வளந்துது, ரெண்டாம் உலகப்போர் உச்சத்துல அறுபதாயிரம் பேருக்கு மேல வேலை பாத்தாங்க. கோட்டைக்குள்ள நாலாவது டிவிஷனோட தலைமையகம். எரிஞ்சுபோன அரண்மனைக்குப் பதிலா வகயாமா கோட்டையிலேர்ந்து ஒரு அரண்மனைக் கட்டடத்தையே கழட்டிக் கொண்டுவந்து 1885ல இங்க நிறுத்தி அதை ராணுவ ஆபீஸா வச்சிருந்தாங்க. தெற்குப் பக்கம் பாசறை, மைதானம். அந்தப் பாசறை இருந்த மண்ணுக்குக் கீழதான் 7ஆம் நூற்றாண்டு நானிவா அரண்மனை இருந்துதுன்னு போருக்கப்புறம் தோண்டினப்பதான் தெரிஞ்சுது.

ராணுவம் இருக்கும்போதே இன்னொரு வேலையும் இந்த மேட்டுக்கு வந்துது. ஊர்ல காலரா திரும்பத் திரும்ப வந்து ஜனங்க செத்ததால நகராட்சி குழாய்த்தண்ணி திட்டம் போட்டுது, மேட்டுலேர்ந்து தண்ணி தானா கீழ இறங்கி ஊருக்கெல்லாம் போகும்ங்கறதால தொட்டியை கோட்டைக்குள்ள, கோபுர மேடைக்குப் பக்கத்துலயே கட்டினாங்க, 1895ல தண்ணி விட்டாங்க. பீரங்கி வார்த்த அதே தொழிற்சாலைதான் அந்தக் குழாய்களையும் வார்த்துக் கொடுத்துது. தொட்டி இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. கோபுரத்துக்குப் போற வழியில வேலி போட்ட பச்சை மேடு ஒண்ணு தெரியும், எல்லாரும் பார்க்னு நினைச்சுத் தாண்டிப் போவாங்க, அது குடிதண்ணி தொட்டி. ஹிதெயோஷி காலத்துல எதிரியைப் பாக்கறதுக்கு உதவின உயரம், பிறகு வீட்டுக் குழாய்ல தண்ணி வரவச்சுது, எனக்கு அந்த இடத்துல நிக்கும்போது கோபுரத்தைவிட இதுதான் பெருசாத் தெரியும்.

சரி, கான்கிரீட்டுக்கு வரேன். 1928ல மேயர் செகி ஹஜிமே கோபுரத்தை மறுபடி கட்டலாம்னு சொன்னாரு. இவர்தான் மிதோசுஜி சாலை, சுரங்க ரயில் எல்லாம் கொண்டுவந்தவரு. ஜனங்ககிட்ட நன்கொடை கேட்டாங்க, சுமிதோமோ குடும்பம் மட்டும் இரண்டரை லட்சம் யென், மத்தபடி சில்லறைக் காசு போட்டவங்க வரைக்கும் சேத்து ஆறு மாசத்துக்குள்ள 15 லட்சம் யென் சேந்துருச்சு. அதுல கோபுரத்துக்குப் போனது ஏறக்குறைய 4,70,000 யென்தான், 8 லட்சம் ராணுவத் தலைமையகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டப் போச்சு, மீதி பூங்காவுக்கு. அந்த இடம் ராணுவம் கையில இருந்துது, நாங்க விடணும்னா எங்களுக்குக் கட்டடம் வேணும்னு பேசி முடிச்சது அப்படி. ஊர்மக்கள் கோபுரத்துக்குன்னு கொடுத்த காசுல பாதிக்கு மேல ராணுவத்துக்குப் போனதுல எனக்கு வருத்தம்தான், ஆனா அந்தக் காலத்துல வேற வழி இருந்திருக்காது.

1931 நவம்பர்ல திறந்தாங்க, 55 மீட்டர் உயரம், உள்ள எட்டு மாடி, அப்பவே மியூசியமாத்தான் கட்டினது, அப்பவே லிஃப்டும் இருந்துது. மரத்துல கட்டாம இரும்பும் கான்கிரீட்டும் போட்டது சிக்கனத்துக்காக இல்ல, ரெண்டு தடவை தீயில போன கோபுரம், மூணாவது போகக்கூடாதுன்னுதான். வடிவத்துக்கு 1615 சண்டையை வரைஞ்ச ஒரு பழைய திரை ஓவியத்தை ஆதாரமா வச்சாங்க. நின்னு பாத்தீங்கன்னா கீழ் மாடிகள் வெள்ளைச் சுவர், தொகுகாவா பாணி, உச்சி மாடி மட்டும் கருப்பு, அதுல தங்கப் புலியும் கொக்கும், அது ஹிதெயோஷி பாணி, நிக்கறது தொகுகாவா கல் மேடை மேல. வரலாற்றுக் கண்ணோட பாத்தா இப்படி ஒரு கோபுரம் எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல, அதை மறைக்கத் தேவையில்ல. ஆனா 1931 ஒசாகா ஜனங்க தங்களோட கோட்டை எப்படி இருக்கணும்னு நினைச்சாங்களோ அது அப்படியே இருக்கு, அந்த வகையில அது அசல்தான், 1997ல அரசாங்கமே இதைப் பதிவு செய்யப்பட்ட பண்பாட்டுச் சொத்தா ஏத்துக்கிட்டுது.

அப்புறம் போர். 1942லேர்ந்து பொதுமக்கள் கோபுரத்துக்கு வரக்கூடாதுன்னுட்டாங்க. பக்கத்துல அவ்வளவு பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்தா குண்டு விழாம இருக்குமா, 1945 ஆகஸ்ட் 14, சரணடையற அறிவிப்புக்கு முந்தின நாள், நூத்துக்கும் மேல அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்க வந்து தொழிற்சாலையைத் தரைமட்டமாக்கிச்சு. குறி தப்பின குண்டு பக்கத்துல இருந்த கியோபாஷி ஸ்டேஷன்ல விழுந்து, அடையாளம் தெரிஞ்சவங்க மட்டும் இருநூறு பேருக்கு மேல செத்தாங்க, அடையாளமே தெரியாதவங்க அதைவிட அதிகம். ஒரு நாள் கழிச்சு வந்திருந்தா எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க. அந்த வருஷ குண்டுவீச்சுல நிஜமாவே 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரக் காவல் மாடங்க பல எரிஞ்சுபோச்சு, கான்கிரீட் கோபுரம் நின்னுது. மேடையோட வடகிழக்குப் பக்கம் கல்லெல்லாம் வரிசை விலகி நிக்கறது அந்த அதிர்ச்சியில ஆனதுதான், சரிபண்ணாம அப்படியே விட்டிருக்காங்க, சுத்தி வந்து பாருங்க.

போருக்கப்புறம் அமெரிக்கப் படை வந்து உக்காந்துது, 1947ல வகயாமாவிலேர்ந்து வந்த அந்த அரண்மனை தீயில போச்சு. தொழிற்சாலை இருந்த இடம் வருஷக்கணக்கா இடிபாடாவே கிடந்துது, 1950கள்ல ராத்திரி ஆத்தைத் தாண்டி வந்து அங்க புதைஞ்ச இரும்பை எடுத்து வித்துப் பொழைச்சவங்க இருந்தாங்க, அதுல நிறைய பேர் ஜப்பான்ல வாழ்ந்த கொரியர்கள், போலீஸுக்கும் அவங்களுக்கும் அடிக்கடி மோதல். அப்புறம் அங்க பூங்கா, 1983ல ஒசாகா-ஜோ ஹால், ஆத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடி ஆபீஸ் டவருங்க, எல்லாமே தொழிற்சாலை மண்ணு. தொழிற்சாலையோட மெயின் கட்டடத்தை 1981ல இடிச்சது பெரிய தப்புன்னு நான் நினைக்கறேன், வேணாம்னு கேட்டவங்க இருந்தும் இடிச்சாங்க. 1919ல கட்டின ரசாயனப் பரிசோதனைக் கூடம் மட்டும், ரொம்ப வருஷம் பூட்டியே கிடந்த செங்கல் கட்டடமா நிக்குது. நன்கொடைக் காசுல கட்டின ராணுவத் தலைமையகம் அப்புறம் போலீஸ் தலைமையகம் ஆச்சு, 1960லேர்ந்து 2001 வரைக்கும் நகர மியூசியம், கொஞ்ச வருஷம் சும்மா கிடந்து 2017லேர்ந்து ரெஸ்டாரண்டும் கடையுமா இருக்கு. கோபுரத்துக்கு எதிர்லயே பழுப்புக் கலர்ல, ஐரோப்பிய கோட்டை மாதிரி தெரியுமே, அதுதான்.

லிஃப்ட் பத்தி ஒரு வார்த்தை. 2019ல ஜி20 மாநாட்டு விருந்துல பிரதமர் ஆபேயே, கோபுரத்தை அச்சு அசலா கட்டினாங்க, லிஃப்ட் வச்சது ஒண்ணுதான் தப்புங்கற மாதிரி பேசினாரு, மாற்றுத்திறனாளிகள் தரப்புலேர்ந்து கண்டனம் வந்துது, நியாயமான கண்டனம். லிஃப்ட் பின்னாடி யாரோ சொருகினது இல்ல, 1931லேர்ந்தே அந்தக் கட்டடத்தோட பாகம். அஞ்சாவது மாடி வரைக்கும் எல்லாருக்கும், அதுக்கு மேல படி. முட்டி வலி இருக்கற பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா தயங்காம ஏறுங்க.

போற வழி: ஓதே வாசல் பக்கமா உள்ள வாங்க, 1620ல கட்டின செங்கான் காவல் மாடம் அங்கதான் அகழி ஓரம் நிக்குது, அது அசல் மரம், அப்புறம் சகுரா வாசல், ஆக்டோபஸ் கல்லு. கோபுரத்துக்கு ஏறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துருங்க. 1959ல ஆராய்ச்சிக்காகத் தோண்டினப்ப தரைக்குக் கீழ ஏழு மீட்டருக்கு மேல ஆழத்துல ஒரு மதில் தட்டுப்பட்டுது, ஹிதெயோஷி கோட்டையோடது, தொகுகாவா புதைச்சது. 1980கள்ல இன்னொரு பகுதியும் கிடைச்சுது, அதை 2025 ஏப்ரல்லேர்ந்து பொதுமக்களுக்குத் திறந்து விட்டிருக்காங்க, தொகுகாவா காலத் தங்கக் கிடங்குக்குப் பக்கத்துல படி இறங்கிப் போகணும். மேல பாத்த கல்லெல்லாம் சதுரமா செதுக்கி இடுக்கு தெரியாம வச்சது, இங்க இருக்கறது செதுக்காத கல்லை அப்படியே அடுக்கினது, நாப்பது வருஷத்துக்குள்ள வேலைப்பாடு எவ்வளவு மாறிப்போச்சுன்னு பாத்த உடனே புரியும். முதல்ல அதுல இறங்கிட்டு, அப்புறம் கோபுரத்துல ஏறுங்க.